யாக்குஷிமா தீவுக்கு ஃப்ளைட்ல போறவங்களுக்கு: நான் மாட்டிக்கிட்ட இடத்துல நீங்க மாட்டாதீங்க

டோக்கியோவுல வேலை பாக்குறேன். ஜப்பானோட தெக்கால, க்யூஷூ தீவுக்குக் கீழ இருக்குற யாக்குஷிமாவுக்கு இதுவரை ரெண்டு தடவை போயாச்சு. முதல் தடவை நான், வொய்ஃப், ஊர்ல இருந்து வந்திருந்த மச்சான்னு மூணு பேர், போற வழியில கேஸ் கேன் போச்சு, பெட்டிக்காக கவுண்டர்ல மல்லுக்கட்டு, வர்றப்ப ஃப்ளைட்டே போச்சு. ரெண்டாவது தடவை எல்லாம் சுளுவா முடிஞ்சுது. ஒரே வித்தியாசம், இந்த ஏர்போர்ட் எவ்ளோ சின்னதுன்னு புரிஞ்சுக்கிட்டு பிளான் போட்டேன், அவ்ளோதான். காட்டைப் பத்தி, மரத்தைப் பத்தியெல்லாம் எழுத ஆயிரம் பேர் இருக்காங்க, நான் போய்ச் சேர்றதைப் பத்தி மட்டும் எழுதுறேன்.

1. முதல்ல ஏர்போர்ட்டோட சைஸைப் புரிஞ்சுக்கோங்க

ரன்வே 1,500 மீட்டர்தான். ஜெட் விமானம் வராது, ஜப்பான் ஏர் கம்யூட்டரோட ஏடிஆர் வகை, றெக்கையில காத்தாடி சுத்துற சின்ன விமானம்தான் வரும். ஏடிஆர் 42ன்னா 48 சீட், ஏடிஆர் 72ன்னா 70 சீட். நம்ம ஊர் ஆம்னி பஸ்ஸை விட கொஞ்சம் பெருசு, அப்படி வச்சுக்கோங்க. இதுல இருந்துதான் மத்த எல்லா தலைவலியும் வருது. சீட் கம்மி, அதனால டிக்கெட் சீக்கிரம் தீரும். மேல பெட்டி வைக்கிற இடம் சின்னது, அதனால பெட்டி அளவு வேற. மேகம் கீழ இறங்கினாலோ காத்து அடிச்சாலோ இறங்க மாட்டாங்க, அதனால ரத்து ஆகும். மலையெல்லாம் நேரா கடல்ல இருந்து எழும்புற தீவு இது, உச்சி மியானோஉரா 1,936 மீட்டர், க்யூஷூ பக்கத்துலயே அதுதான் உசரம், மேகம் வந்து முட்டாம என்ன செய்யும்.

இன்னொண்ணு, டிக்கெட் தேடுறப்ப ஏர்போர்ட் கோடு கே-யூ-எம். அதைப் பாத்து குமாமோட்டோன்னு நினைச்சுக்காதீங்க, குமாமோட்டோவோட கோடு கே-எம்-ஜே. ரெண்டும் க்யூஷூ பக்கம்தான், ஆனா ஒண்ணு தீவு, ஒண்ணு கடலுக்கு இந்தப் பக்கம்.

2. தேதி: முன்னாடி இல்ல, பின்னாடி ஒரு நாள் சும்மா விடுங்க

எல்லாரும் பண்ற தப்பு இது, நானும் பண்ணேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் தீவுல இருந்து கிளம்பி, ராத்திரி டோக்கியோவோட ஹனேடா ஏர்போர்ட் வந்து, திங்கக்கிழமை ஆபீஸ், மச்சானுக்கு திங்கக்கிழமை மத்தியானம் ஊருக்கு ஃப்ளைட். பேப்பர்ல பாக்க அழகா இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை ஃப்ளைட் ரத்து. மச்சானோட இன்டர்நேஷனல் டிக்கெட் வேற கம்பெனியில தனியா போட்டது, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு சொல்லிட்டாங்க, சொல்றதுல தப்பும் இல்ல. தேதி மாத்த தண்டம் கட்டினோம்.

அதனால தீவுல இருந்து கிளம்புற நாளுக்கும், வெளிநாட்டுக்கு ஃப்ளைட் ஏறுற நாளுக்கும் நடுவுல முழுசா ஒரு நாள் விடுங்க. அந்த நாளை க்யூஷூவோட தெக்கு முனையில இருக்குற ககோஷிமாவுலயே தங்கி கழிச்சா இன்னும் நல்லது, சகுராஜிமா எரிமலையப் பாத்துட்டு உக்காந்திருக்கலாம்.

மாசத்தைப் பொறுத்தவரை, ஜூன் மழை சீசன், ஆகஸ்ட் செப்டம்பர் புயல், ஏப்ரல் கடைசியில இருந்து மே முதல் வாரம் வரைக்கும் கோல்டன் வீக் லீவு கூட்டம், ஆகஸ்ட் நடுவுல முன்னோரைக் கும்பிடுற ஓபோன் லீவு கூட்டம். மத்த மாசத்துல மழை பெய்யாதான்னு கேக்காதீங்க, கடலோரத்துலயே வருஷத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல கொட்டுற இடம் அது, மழை இல்லாத மாசம்னு ஒண்ணு கிடையாது.

3. டிக்கெட்: ஒரே டிக்கெட்டா போடுங்க

டோக்கியோவுல இருந்து நேரடி ஃப்ளைட் இல்ல. ககோஷிமா, ஃபுகுஓகா, ஒசாகாவோட இடாமி, இந்த மூணு இடத்துல இருந்துதான் இருக்கு. ககோஷிமாவுல இருந்து நாளைக்கு நாலஞ்சு தடவை, பறக்குற நேரம் 35 நிமிஷம் 40 நிமிஷம்தான், மத்த ரெண்டும் நாளைக்கு ஒண்ணு. நான் எப்பவும் ககோஷிமா வழிதான் சொல்வேன். ஒண்ணு ரத்தானா அடுத்தது இருக்கும், மத்த ரெண்டு ஊர்லயும் ஒண்ணு போச்சுன்னா அந்த நாளே போச்சு.

ஒசாகா வழியா வர்றவங்க கவனிங்க, வெளிநாட்டுல இருந்து வந்து இறங்குறது கன்சாய் ஏர்போர்ட், இந்த ஃப்ளைட் கிளம்புறது இடாமி. ரெண்டுக்கும் நடுவுல பஸ்ல ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும்.

ஹனேடா – ககோஷிமா – யாக்குஷிமான்னு ஒரே டிக்கெட்டா ஜப்பான் ஏர்லைன்ஸ் சைட்லயே போட்டுடுங்க. காசு மிச்சம் பண்றேன்னு ககோஷிமா வரைக்கும் சீப்பான விமானத்துல தனி டிக்கெட், அங்கிருந்து தனி டிக்கெட்னு போட்டா, முதல் விமானம் லேட்டானா ரெண்டாவது காசு கோவிந்தா, பெட்டியையும் நீங்களே எடுத்து மறுபடி போடணும். ஒரே டிக்கெட்னா பெட்டி நேரா தீவுக்குப் போயிடும், லேட்டானா அவங்களே அடுத்ததுல ஏத்தி விடுவாங்க. ரெண்டு மாசம் முன்னாடி போட்டப்ப எனக்கு ஒரு வழிக்கு ஆளுக்கு 28,000 யென் பக்கம் ஆச்சு, கடைசி நேரத்துல போட்டா இதை விட நல்லாவே ஏறும்.

விலைப் பட்டியல்ல அடிமட்ட விலையில ஒண்ணு தெரியும், கை பரபரக்கும், அமுக்கிடாதீங்க. அது தீவுலயே குடியிருக்குறவங்களுக்கான சலுகை, அதுக்கு தனி அட்டை வேணும்.

அப்புறம் நம்மாளுங்களுக்கே உரிய பிரச்சனை, பேர். பாஸ்போர்ட்ல குடும்பப் பேர் கட்டமே காலியா இருக்குறவங்க நம்மள்ல பாதிப்பேர். ஜப்பான் சைட் ரெண்டு கட்டத்தையும் நிரப்பாம விடாது. உள்நாட்டு ஃப்ளைட்டுக்கு வழக்கமா அடையாள அட்டையெல்லாம் கேக்க மாட்டாங்க, அதனால பயப்பட வேண்டாம், நான் அப்பா பேரைக் குடும்பப் பேர் கட்டத்துல போட்டேன், பிரச்சனை வரல. ஆனா எப்படிப் போட்டீங்களோ அதே மாதிரி ஹோட்டல்லயும் கார் கம்பெனியிலயும் போடுங்க, ஒண்ணுல ஒரு மாதிரி இன்னொண்ணுல வேற மாதிரி இருந்தா புக்கிங்கைத் தேடியே அரை மணி நேரம் ஓடிடும்.

4. பெட்டி: இங்கதான் பாதிப்பேர் மாட்டுறது

கேபின்ல எடுத்துட்டுப் போறதுக்குன்னே நாம வாங்கி வச்சிருக்குற சக்கர டிராலி, 55 – 40 – 25 சென்டிமீட்டர், அது 100 சீட்டுக்கு மேல உள்ள விமானத்துக்கு. 100 சீட்டுக்குக் கீழ உள்ள விமானத்துல 45 – 35 – 20, மூணையும் கூட்டினா 100 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும். ஹனேடாவுல இருந்து ககோஷிமா வரைக்கும் பெரிய விமானம், அதுல டிராலி மேல ஏறிடும், ககோஷிமாவுல மாறுறப்ப நிப்பாட்டுவாங்க. எங்களை நிப்பாட்டினாங்க. அடியில போடணும்னா உள்ள இருக்குற பவர் பேங்க்கை எடுக்கணும், கேமரா பேட்டரிய எடுக்கணும், மச்சான் அடியில எங்கயோ சொருகி வச்சிருந்தான், பின்னாடி க்யூ நிக்குது, அவன் தரையில குந்தி உக்காந்து பனியனையெல்லாம் வெளிய எடுத்துப் போட்டுட்டு இருக்கான்.

அதனால டிராலிய முதல்லயே, கிளம்புற இடத்துலயே அடியில போட்டுடுங்க. 20 கிலோ வரைக்கும் தனிக் காசு இல்ல. கையில சின்ன முதுகுப்பை மட்டும். பவர் பேங்க் அந்தச் சின்னப் பையில, அதையும் மேல தூக்கி வைக்காம கண்ணுல படுற மாதிரி கிட்ட வச்சுக்கணும்னு 2025 ஜூலை 8ல இருந்து ஜப்பான் விமானங்கள்ல சொல்லிட்டு இருக்காங்க.

5. மலை ஏறப் போறவங்க: கேஸ் கேன் வேண்டவே வேண்டாம்

சமைக்கிற சின்ன கேஸ் கேன் கைப்பையிலயும் முடியாது, அடியில போடுற பெட்டியிலயும் முடியாது. சீல் பிரிக்காததுன்னாலும் முடியாது. டோக்கியோவுல மூணு கேன் வாங்கிட்டுப் போய் மூணையும் ஹனேடாவுல குடுத்துட்டு வந்தேன். தீவுலயே மியானோஉரா, அம்போங்குற ரெண்டு துறைமுக ஊர்லயும் கடையில கிடைக்குது, விலையில பெரிய வித்தியாசமும் இல்ல. பெட்ரோல் ஊத்தி எரிக்கிற அடுப்பு ஒரு தடவை பயன்படுத்தியிருந்தா அதையும் எடுத்துக்க மாட்டாங்க. மலையேறுற கைத்தடி அடியில போடுற பெட்டிக்குள்ள. லைட்டர் ஆளுக்கு ஒண்ணு, அது மட்டும் தலைகீழ், கையில வச்சுக்கலாம், பெட்டிக்குள்ள போடக்கூடாது.

தண்ணி பாட்டில் பரவால்ல. உள்நாட்டு ஃப்ளைட்ல 100 மில்லி கணக்கெல்லாம் இல்ல, பாட்டிலை மெஷின்ல வச்சுப் பாத்துட்டு திருப்பிக் குடுத்துடுவாங்க.

6. கார்: டிக்கெட் போட்ட அன்னிக்கே இதையும் போடுங்க

ரயில் கிடையாது. தீவைச் சுத்தி 100 கிலோமீட்டர் வாக்குல ரோடு, பஸ் இருக்கு, ஆனா மணிக்கு ஒண்ணுதான்னு வச்சுக்கோங்க, சில பக்கம் அதை விடக் கம்மி. கார் வாடகைக் கடைங்க ஏர்போர்ட் பக்கத்துலயே இருக்கு, ஆனா வண்டிங்க தீவுல எண்ணிக்கைதான், ஃப்ளைட் கிடைச்சு கார் கிடைக்காம முழிச்சவங்க நிறைய. எனக்கு சின்ன கேய் காருக்கு இன்சூரன்ஸோட நாளைக்கு 7,000 யென் வாக்குல ஆச்சு.

லைசென்ஸ்தான் பெரிய விஷயம். ஊர்ல இருந்து வர்றவங்க 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி குடுத்த இன்டர்நேஷனல் பெர்மிட் புத்தகம் கொண்டு வரணும். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா நாலும் அந்த ஒப்பந்தத்துல இருக்கு, நல்லவேளை. இந்தியாவுல ஆர்டிஓ வழியா, ஃபீஸ் 1,000 ரூபாய், ஒரு வருஷம் செல்லும். கிளம்புறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே அப்ளை பண்ணுங்க, விசா பேப்பரெல்லாம் கேப்பாங்க. ஜப்பான் வந்ததுக்கு அப்புறம் வாங்க முடியாது. கார் கடையில புத்தகம், ஊர் லைசென்ஸ், பாஸ்போர்ட் மூணும் ஒரிஜினலா காட்டணும், போன்ல இருக்குற போட்டோ செல்லாது.

இங்கயே குடியிருக்குற நம்மாளுங்களுக்கு ஒரு பொறி இருக்கு. ரெண்டு வாரம் லீவுல ஊருக்குப் போயிட்டு புதுசா பெர்மிட் எடுத்துட்டு வந்தா போதும்னு நினைக்கிறாங்க, அது செல்லாது. ஜப்பானுக்கு வெளிய மூணு மாசத்துக்கு மேல இருந்துட்டு திரும்பியிருந்தாத்தான் புது பெர்மிட் செல்லும். இல்லன்னா அது லைசென்ஸ் இல்லாம ஓட்டுனதாத்தான் அர்த்தம், விசா வரைக்கும் இழுக்கும். ஜப்பான் லைசென்ஸா மாத்திக்கோங்க, அதுவும் 2025 அக்டோபர்ல இருந்து எழுத்துப் பரிட்சை 10 கேள்வியில இருந்து 50 கேள்வியாயிடுச்சு, 45 சரியா இருக்கணும். எங்க மூணு பேர்ல மச்சான் கையில மட்டும்தான் செல்லுபடியாகுற பெர்மிட், விருந்தாளியா வந்தவன் டிரைவர் ஆயிட்டான்.

7. கிளம்புற நாள்: ஸ்க்ரீன்ல மூணு வார்த்தையப் பாருங்க

காலையில எழுந்ததும் ஃப்ளைட் ஸ்டேட்டஸ் பாருங்க. "தெங்கோ ச்சோஸா"ன்னா வானிலை பாத்துட்டு இருக்காங்க, இன்னும் முடிவு இல்ல. "ஜோக்கென்-த்ஸுகி"ன்னா நிபந்தனையோட கிளம்புது, அங்க இறங்க முடியலைன்னா ககோஷிமாவுக்கே திருப்பிக் கொண்டு வந்துடுவாங்க. இதைப் பாத்து மிரண்டு கேன்சல் பண்ணிடாதீங்க, பெரும்பாலும் இறங்கிடும், நான் போனதுல ஒண்ணு அப்படித்தான், ரெண்டு சுத்து சுத்திட்டு இறங்கினாங்க. "கெக்கோ"ன்னா ரத்து.

இந்த கெக்கோவுல ஒரு கூத்து. ஜப்பான் மொழியில 'நல்லது, பரவால்ல'ங்குறதுக்கும் உச்சரிப்பு கெக்கோதான், எழுத்து மட்டும் வேற. மச்சான் ஊர்ல இருந்து வர்றப்பவே அந்த ஒரு வார்த்தைய மனப்பாடம் பண்ணிட்டு வந்திருந்தான். திரும்புற அன்னிக்கு மைக்ல கெக்கோ கெக்கோன்னு சொன்னதும் அவன் சிரிச்சுக்கிட்டே பையத் தோள்ல மாட்டிட்டு கேட் பக்கம் நடக்க ஆரம்பிச்சுட்டான், மத்த எல்லாரும் கவுண்டருக்கு ஓடுறாங்க.

ஓடணும், அதான் விஷயம். வானிலையால ரத்தானா டிக்கெட் காசு முழுசா திரும்பும், இல்லன்னா அடுத்த ஃப்ளைட்டுக்கு காசு இல்லாம மாத்திக்கலாம், ஆனா தங்குற செலவு, சாப்பாடு நம்ம கையில இருந்து. அடுத்த ஃப்ளைட்லயும் 48 சீட்தான், அதுவும் ஏற்கனவே பாதிக்கு மேல நிரம்பியிருக்கும். ஒருத்தர் கவுண்டர் க்யூவுல நில்லுங்க, இன்னொருத்தர் அதே நேரத்துல போன்ல ஆப்பைத் திறந்து மாத்தப் பாருங்க, ஆப்புல முந்துனவங்கதான் ஜெயிக்கிறாங்க. சீட் இல்லன்னா "கூஸெக்கி-மாச்சி" நம்பர் கேட்டு வாங்கிக்கோங்க, வெயிட்டிங் லிஸ்ட்.

கப்பல் வழியையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. ககோஷிமா துறைமுகத்துக்கு மியானோஉராவுல இருந்தும் அம்போவுல இருந்தும் அதிவேகப் படகு இருக்கு, ரெண்டு மணி நேரம் வாக்குல. ஏர்போர்ட் இந்த ரெண்டு ஊருக்கும் நடுவுல, எந்தப் பக்கம் போனாலும் கார்ல 20 நிமிஷத்துக்குள்ள. மேகத்தால ஃப்ளைட் நிக்கிற அன்னிக்கு கடல் அமைதியா இருந்தா படகு ஓடும், அலை பெருசா இருந்தா படகு நிக்கும் ஃப்ளைட் ஓடும், ரெண்டும் சேர்ந்து நிக்கிறது பெரும்பாலும் புயல்லதான். அது போக ஃபெர்ரி யாக்குஷிமா 2ன்னு பெரிய கப்பல், ககோஷிமாவுல காலை 8:30க்கு கிளம்பி 12:30க்கு மியானோஉரா, திரும்ப மத்தியானம் 1:30க்கு கிளம்பி 5:40க்கு ககோஷிமா. மெதுவா போகும், காசும் கம்மி.

போற வழியில ககோஷிமாவுல மாட்டினா ஒண்ணு ஞாபகம் இருக்கட்டும், ஏர்போர்ட் ககோஷிமா ஊருக்குள்ள இல்ல, கிரிஷிமா பக்கம் இருக்கு. மெயின் ஸ்டேஷனுக்கு பஸ்ல 40 நிமிஷம், 1,500 யென் பக்கம், அங்கிருந்து துறைமுகம் தனி. கடைசிப் படகு சாயங்காலம் 4 மணி வாக்குல போயிடும், அதனால மத்தியானம் 2 மணிக்கு மேல முடிவெடுத்து புண்ணியம் இல்ல.

8. ஏறுறதும் இறங்குறதும்

செக்யூரிட்டிய கிளம்புறதுக்கு 20 நிமிஷம் முன்னாடி தாண்டியிருக்கணும், 10 நிமிஷம் முன்னாடி கேட்ல. இந்த ஊர்ல 20ன்னா 20, 19 ஆனா பேசிப் பிரயோஜனம் இல்ல.

பாலம் கிடையாது, தரையில நடந்து போய் வாலுக்குப் பக்கத்துல இருக்குற படியில ஏறணும். முன்பக்கம் பெட்டி ஏத்துற இடம், ஆளுங்க வாசல் பின்னாடி. அதனால பின் சீட் வாங்கினவங்கதான் முதல்ல இறங்குவாங்க, கார் கடையில முதல் ஆளா நிக்கணும்னா பின் சீட் எடுங்க. றெக்கை மேல இருக்குறதால எல்லா ஜன்னல்லயும் கீழ நல்லாத் தெரியும்.

இறங்கினா ஒரே ஹால், ஒரு சின்ன பெல்ட், ஒரு கடை, அஞ்சு நிமிஷத்துல பெட்டி வந்துடும். பஸ்ஸுக்கு வெளிய மெயின் ரோட்டுக்கு வரணும். ரெண்டு பஸ் கம்பெனி ஓட்டுறாங்க, ஒருத்தர் பாஸ் இன்னொருத்தர் பஸ்ல செல்லாது, ஏறுறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க.

பணம். தீவுல நீங்க டோக்கியோவுல தெருவுக்குத் தெரு பாக்குற பெரிய கன்வீனியன்ஸ் ஸ்டோர் ஒண்ணு கூட கிடையாது. அதனால ராத்திரி பத்து மணிக்கு ஏடிஎம்னு நினைக்காதீங்க. ஊர் கார்டு போடணும்னா போஸ்ட் ஆபீஸ் ஏடிஎம்தான், அதுவும் சனி ஞாயிறு நேரம் கம்மி. ககோஷிமாவுலயே ஆளுக்கு 30,000 யென் எடுத்துடுங்க, சின்ன லாட்ஜ், பஸ், சாப்பாட்டுக் கடை நிறைய இடத்துல நோட்டுதான்.

ஜோமோன் சுகிங்குற பேர் போன பழைய மரத்தைப் பாக்கப் போறவங்க, இறங்கின அன்னிக்கே போக முடியாது. போக வர 22 கிலோமீட்டர், பத்து மணி நேரம் நடை. மார்ச்ல இருந்து நவம்பர் வரைக்கும் நடை ஆரம்பிக்கிற அரகாவா மலை வாசலுக்கு சொந்த வண்டி, வாடகை வண்டி விட மாட்டாங்க, காலை 5 மணில இருந்து பஸ். டிக்கெட் போக வர 2,000 யென், மலைப் பராமரிப்புக்கு 1,000 யென், ரெண்டையும் முந்தின நாளே வாங்கி வச்சுடுங்க. அப்போ மத்தியானம் இறங்குற ஃப்ளைட் எடுத்தா சரியா இருக்கும், டிக்கெட், கேஸ் கேன், மறுநாள் காலைக்கு கட்டுச்சோறு ஆர்டர் மூணையும் சாயங்காலத்துக்குள்ள முடிச்சுட்டு எட்டு மணிக்குப் படுத்துடலாம்.

9. திரும்புறப்ப

காரை டேங்க் நிரப்பித்தான் குடுக்கணும், பங்க் எல்லாம் சீக்கிரம் மூடிடுவாங்க, காலை ஃப்ளைட்னா முந்தின நாளே நிரப்புங்க. விலை டோக்கியோவை விட ஏத்தம்.

அந்த ஊர் சக்கரவள்ளிக்கிழங்கு சாராயம், மிதாகேன்னு பேரு, ஏர்போர்ட்லயே கிடைக்கும். உள்நாட்டு ஃப்ளைட்டுக்குள்ள கையில எடுத்துட்டுப் போகலாம், ஆனா அப்படியே வெளிநாட்டு ஃப்ளைட்டுக்கு மாறினா செக்யூரிட்டியில பிடுங்கிடுவாங்க, அடியில போடுற பெட்டிக்குள்ள துணி சுத்தி வச்சுடுங்க.

கேஸ் கேன் மீதி இருந்தா திரும்பியும் கொண்டு வர முடியாது. குப்பையில போடாம தங்கின லாட்ஜ்ல குடுங்க. நான் தங்கின இடத்துல செருப்பு விடுற அலமாரிக்குக் கீழ ஒரு அட்டைப்பெட்டி நிறைய பழைய கேன் கிடந்துச்சு, ரெண்டாவது தடவை அதுல இருந்துதான் ஆட்டிப் பாத்து ஒண்ணு எடுத்தேன், முக்கால்வாசி இருந்துச்சு, ஓசி.